அரைப் பேர்

நோர்வூட்டில் பஸ் ஏறும்போது மழை இல்லை.
மடியில் மஞ்சள் கோப்பு,
கோப்புக்குள் டொக்டரின் கடிதம்,
கடிதத்தில் ஒரு சொல்.
கொழுந்துக் கூடைக் கயிறுபோல
அதை நெற்றியில் மாட்டிக்கொண்டு
நாலு மாதம் நடந்துவிட்டேன்.

கபிஷனுக்கு ஆறு வயது.
கூப்பிட்டால் திரும்ப மாட்டான்.
கிலோ குறைந்த நாளில் கங்காணி
எனக்கு அரைப் பேர் எழுதுவார்.
இவனுக்கு அந்த அரையும் இன்னும் விழவில்லை.

அவனிடம் இருப்பது இரண்டு சொல்:
பஸ். போதும்.
பஸ் என்று எந்நேரமும் சொல்வான்.
போதும் என்பதைச் சரியான இடத்தில் மட்டும்:
சோறு, சத்தம், சித்தப்பாவின் முத்தம்.

முதலில் ஹட்டன்.
தமிழ்ப் பாடசாலை, விசேட பிரிவு,
பவளராணி டீச்சர் ஒருத்தி, பிள்ளைகள் பதினேழு.
நல்ல மனுஷி.
அவள் பேசிய ஒவ்வொன்றும் எனக்கு விளங்கியது.
என்ன சுகம், விளங்குவது!
அப்போது மழை வந்தது
தகரக் கூரைமேல்,
லொறி நிறையக் கல்லைக் கொட்டினதுபோல.
மேசைக்கடியில் போனவனை வெளியே எடுக்க
முக்கால் மணி.
"பழகிடும்மா," என்றாள்.
எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள்
பதினெட்டு வயதில், அட்டைக்கடியைப் பற்றி.

பிறகு நுவரெலியா.
சிஸ்டர்மார் நடத்தும் விடுதி.
வெள்ளை விரிப்பு, கட்டில்களுக்கு நம்பர்,
காசு வேண்டாம்,
மாதக் கடைசி ஞாயிறு வந்து பார்க்கலாம்.
கொழும்பிலிருந்து அவன் அப்பா போனில்:
"அங்கயே விடு. உனக்கும் முழுப் பேர் விழும்."
கணக்கு சரி.
இருபத்திரண்டாம் நம்பர் கட்டிலைத் தொட்டேன்.
சில்லென்றிருந்தது.
நுவரெலியாவில் எல்லாமே சில்லென்றுதான் இருக்கும்,
அதற்கு அர்த்தம் தேடக் கூடாது.
தேடினேன்.
வெட்கத்தோடு சொல்கிறேன்:
அன்றிரவு விடிய விடியத் தூங்கினேன்,
அவன் அங்கே இருப்பதாக நினைத்துக்கொண்டு.

மூன்றாவது கினிகத்தேனை.
எல்லாம் சிங்களம்.
பலகை, படிவம், சுவர் யானையின் பெயர்.
நிலூஷா மிஸ் கேட்டதில் பாதி புரியவில்லை,
புரிந்த பாதிக்கு என்னிடம் வார்த்தை இல்லை.
இவன் பேசாமல் இருப்பது எந்த மொழியில்?
வருகிற சொல்லெல்லாம் அந்த மொழியிலேயே வந்துவிட்டால்
ராத்திரி லயத்தில் யாரோடு பேசுவான்?
அங்கேயும் மழை.
கினிகத்தேனை மழை யாரையும் கேட்டு வராது.
அவன் காதைப் பொத்த ஓடினேன்.
அவன் தரையில் இருந்தான்:
சிவப்புக் கட்டை, நீலக் கட்டை, சிவப்புக் கட்டை.
அண்ணாந்து பார்த்தேன்.
கொங்கிரீட்.

படித்தவர்கள் என்னென்னவோ பார்ப்பார்கள்.
நான் கூரையைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

அவனுடைய சொல் ஏதாவது உண்டா
என்று கேட்டாள் மிஸ், பாதி கையாலே.
"போதும்," என்றேன்.
மூன்று தரம் பிழையாய்ச் சொன்னாள்,
நாலாந்தரம் பரவாயில்லை.
தன் எழுத்தில் எழுதிக்கொண்டாள்,
வட்டம் வட்டமாய்.
என் பிள்ளையின் சொல் அப்படி உருண்டு
நான் பார்த்ததில்லை.

வாரத்தில் மூன்று நாள், இரண்டு பஸ்.
அந்த மூன்று நாளும் எனக்குப் பேரே இல்லை.
"சிங்கள இஸ்கூலா? அவன் என்னத்தப் பேசப் போறான்?"
பெரட்டில் எல்லாருக்கும் கேட்கக் கங்காணி கேட்டார்.
பதில் வைத்திருக்கவில்லை. இன்னும் இல்லை.
படிவத்தின் அடியில் ஒரு வரி இருப்பதாக
கடைக்காரர் வாசித்துச் சொன்னார்:
ஒரு வருஷத்துக்குப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.
எந்த வரி என்று விரலால் காட்டச் சொல்லி
பேனையால் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

இன்று காலை முன் சீட்டு.
வைப்பர் போகிறது, வருகிறது.
அவன் தலையும்.
"பஸ்," என்கிறான்,
என்னிடம் இல்லை, பஸ்ஸிடம்.
"ஒன்னரையா?" கொண்டக்டர் கேட்கிறார்.
"ஒன்னு. ஒரு அரை."
அரை டிக்கட்டை அவனே வாங்கிக்கொண்டான்.
கிழிக்கவில்லை, வாயில் போடவில்லை.
வட்டவளை வரைக்கும் பிடித்திருந்தான்.